பனிப்பாட்டு, ஆறாவது எபிசோடு

'பனிப்பாட்டு' வெப் தொடர் வெள்ளிக்கிழமை வெளியானது. ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்குள், அருவங்காட்டு மேட்டில் இருக்கும் அந்தச் சின்னச் சபையில் அதைப் பார்க்காதவர்கள் என்று தொட்டில் பிள்ளைகளைத்தான் சொல்ல வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிடந்த லூயிஸ்கூட எட்டு எபிசோடையும் காதாலேயே கேட்டு முடித்துவிட்டார். பாட்டெல்லாம் பரவாயில்லை, பேச்சுத்தான் ஜாஸ்தி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு அபிப்பிராயம். எந்நேரமும் மூடுபனியையே காட்டுகிறார்களே, இந்த ஊரில் வெயிலே அடிப்பதில்லையா என்று ஒருவருக்குக் கோபம். கதாநாயகி நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள், விரலில் ஒரு பொட்டுக் கறை கிடையாது என்று எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிற பெண்கள் சிரித்தார்கள். மூன்றாவது எபிசோடு இழுவை என்பதில் மட்டும் கட்சி பேதமில்லை. இதெல்லாம் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்குக் கிடைத்த அவல். ஆறாவது எபிசோடு அப்படியல்ல. அதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

தொடரை எழுதியவள் எல்சா. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே சபையின் கொயரில் பாடியவள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய், தானே எழுதித் தானே பாடும் பாடகியாகப் பெயர் வாங்கிவிட்டாள். தொடரின் நாயகியும் அப்படி ஒரு மலையூர்ப் பாடகிதான். ஆறாவது எபிசோடில் அந்தப் பெண் தன் பாட்டு நோட்டைக் கொயர் மாஸ்டரிடம் நம்பிக் கொடுக்கிறாள். அவன் அவள் கையைப் பிடிக்கிறான். அவள் உதறிவிட்டுப் போனதும், நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து நெருப்பில் போடுகிறான். அந்த ஆள் காப்பிக்கொட்டை நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருந்தான். தாளம் பிசகினால் மோதிர விரலால் ஆர்மோனியத்தின் மேல் டக் டக்கென்று தட்டினான்.

மோதிரத்தால் தட்டித் தாளம் திருத்துகிற கொயர் மாஸ்டர் அந்த மலையில் ஒருவர்தான். தேவநேசன். ஜூடித்தின் கணவர்.

ஜூடித்துக்கு விஷயத்தை முதலில் சொன்னது சபையார் அல்ல. அவள் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். பக்கத்து மேஜை சுமலதா சனிக்கிழமை காலையில் ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சீரியல்ல வர்ற வில்லன் அப்படியே உங்க ஊட்டுக்காரர் மாதிரியே இருக்காருங்க. ஸ்வெட்டர்கூட."

ஜூடித் சிரித்து மழுப்பினாள். அரைநாள் பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, தேவநேசன் கொயர் பயிற்சிக்குப் போன பிறகு, சமையலறையில் நின்றபடியே ஃபோனில் ஆறாவது எபிசோடைப் பார்த்தாள். முதல் தாள் நெருப்பில் சுருண்டதும் அணைத்துவிட்டாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவருக்காக வந்த பயம் அல்ல அது. எல்சாவின் நிஜ நோட்டை எரித்தது யார் என்று உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். எல்சாவுக்குத் தெரியாது, அவள் எழுதியது வெறும் ஊகம்; தேவநேசனுக்கும் தெரியாது. எரித்தது ஜூடித்.

நடந்தது இதுதான். அந்தச் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் ஒரு புதுப்பாட்டு வேண்டும். கொயரில் இருக்கிற ஒருவரே எழுதித் தர வேண்டும். கேரட்டும் உருளைக்கிழங்கும் முதல் கொழுந்துக் கூடையும் பீடத்துக்கு முன்னால் வரும்போது பழைய பாட்டைப் பாடினால் காணிக்கையில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததற்குச் சமம் என்பார்கள். அந்த வருஷம் எல்சா தன் நோட்டையே தேவநேசனிடம் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள். அதில் முப்பது பாட்டுக்கு மேல் இருந்தது. வேறு பிரதி கிடையாது. தேவநேசன் அதை வீட்டு மேஜை டிராயரில் வைத்தார். இரண்டாம் நாள் மழை. அவர் ஃபேக்டரி வேலைக்குப் போயிருந்தார். ஜூடித் வெந்நீர் பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். விறகோடு நோட்டையும் தள்ளினாள்.

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். புருஷன் டிராயரில் இன்னொருத்தி கையெழுத்து இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது? இத்தனை வருஷமும் ஜூடித் தன் மனசுக்குச் சொல்லிவந்த சமாதானம் அதுதான். தேவநேசன் மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். கடைசியில் பையில் வைத்துக் கொண்டுபோய்க் குன்னூர் பஸ்ஸில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அதைத்தான் எல்சாவிடமும் சொன்னார். அவள் நம்பவில்லை. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊரைவிட்டே போய்விட்டாள்.

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து நாள். மற்ற சபைகளில் எப்படியோ, இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருக்காவது உன்மேல் மனக்குறை இருந்தால், அதைத் தீர்க்காமல் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் கை நீட்டாதே. வரப்புத் தகராறு முதல் வரதட்சணைத் தகராறு வரை, யார் எழுந்து போகிறார்கள், யார் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே ஊர் தெரிந்துகொள்ளும். கண்ணை மூடி ஜெபிக்கிற பாவனையில் விரல் இடுக்கால் எண்ணுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

கொயர் முதலில் போனது. கொயர் மாஸ்டர் எப்போதும் அதன் கடைசி ஆளாகப் போவார். அன்றைக்கு எல்லாரும் போய்த் திரும்பிய பிறகும் தேவநேசன் கீபோர்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜூடித் அதைப் பார்த்தபோது அவளுடைய வரிசை எழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நகர, அவளும் நகர்ந்தாள். முழங்காலிட்டாள். அபாத்திரமாய், அபாத்திரமாய் என்று, தகுதியில்லாமல் எடுப்பதைக் கண்டிக்கும் வேத வார்த்தை தலைக்குள் அடித்துக்கொண்டது. இப்போது எழுந்து போனால் முந்நூறு கண் பார்க்கும். பாத்திரம் உதட்டண்டை வந்தது. குடித்தாள்.

திரும்பி வரும்போது சபை முழுக்கத் தன் புருஷனையே பார்ப்பதைப் பார்த்தாள். குற்றவாளி உட்கார்ந்தே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அந்தப் பார்வை சொன்னது. ஆயர் ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது.

வாசலில் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ஈவ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசைத் தளர விடாத கண்ணு. ஆம்பளைங்க செய்யற தப்புக்கு நாம என்ன பண்றது? நான் அந்த எபிசோடை ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் அழுதேன்."

"அது கதைதானுங்களே அக்கா."

"கதைன்னா அவரு எழுந்து வந்திருக்கோணுமல்ல?" என்றாள் ஈவ்லின். ஜூடித் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தாமலே கேட்டாள். "ஏனுங்க, எதுக்கு இப்படிப் பண்ணினீங்க? ஊரே பேசுதுங்க."

தேவநேசன் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "எல்சாவுக்கு என்மேல இவ்வளவு மனக்குறை இருக்குதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது ஜூடி. அதைத் தீர்க்காம நான் எப்படிப் போவேன்?"

"நீங்க அவ கையைப் பிடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல. அது அவளா எழுதினது. ஆனா நோட்டைத் தொலைச்சது நான்தானே? அந்தப் புள்ளையோட உசுரு அதுல இருந்துச்சு. அதுக்கு இன்னும் ஒழுங்கா ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கல. போன் பண்ணினேன், எடுக்கல. மெசேஜ் போட்டிருக்கேன், மன்னிச்சுக்கம்மான்னு. மோசஸ்கிட்டயும் சொல்லிட்டேன்."

சபைச் செயலாளர் மோசஸிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறாரே இந்த மனுஷன்! அரைப்படி அரிசியைப் பார்த்தால் ஆறு மூட்டை என்று எழுதி வைக்கிற ஆள் மோசஸ். "அவருகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"கேட்டாரு. சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வி அவளைக் கட்டிப்போட்டது. சொல்லிவிட வாயைத் திறந்தாள். சாப்பாடு போடட்டுங்களா என்றுதான் வந்தது.

திங்கட்கிழமை கொயரிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் நின்றுகொண்டார்கள். அப்பா அம்மா அனுப்பவில்லையாம். கொயரின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆறாவது எபிசோடின் துண்டை மட்டும் வெட்டிப் போட்டார்கள். கீழே கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள். 'நடிப்பு அருமை' என்று ஒருவர். 'நடிப்பா இது?' என்று இன்னொருவர். தேவநேசன் எல்லாவற்றையும் படித்தார், எதற்கும் பதில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் பயிற்சிக்குப் போனார். ஆறு பேர் வந்தார்களாம். திரும்பி வந்து மோதிரத்தைக் கழற்றி சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன் என்று ஜூடித் கேட்கவில்லை.

கேட்க வேண்டாம், சொன்னால் போதும். அந்த இரண்டு நாளில் நாலு தடவை சொல்லப் போனாள். ஒரு தடவை அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை தூங்கிவிட்டார். மற்ற இரண்டு தடவையும் அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அவளுக்குத்தான் நாக்கு எழவில்லை. சொன்னால் ஊர் தன்னைப் பேசும், அது போகட்டும். இந்த மனுஷன் தன்னை எப்படிப் பார்ப்பார்? அந்தப் பயம்தான்.

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது. ஃபேக்டரிச் சங்கு ஊதி அரைமணி நேரத்தில் எல்லாரும் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்கு வந்துவிட்டார்கள். தேவநேசனை உள்ளே கூப்பிட்டார்கள். ஜூடித் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

மோசஸ் நிதானமாக ஆரம்பித்தார். "பிரதர் மேல எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஆனா மூணு விஷயம். ஒண்ணு, சீரியல்ல வந்தது. ரெண்டு, திருவிருந்துக்கு அவரே வரல. மூணு, அந்த சிஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்காரு, என்கிட்ட அவரு வாயாலயே சொன்னாரு. தப்புப் பண்ணாதவரு எதுக்குங்க மன்னிப்புக் கேக்கோணும்? கொயர்ல வயசுப்புள்ளைங்க இருக்குதுங்க. அறுப்பின் பண்டிகைக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம். அப்புறமும் அவரு கொயர் பக்கம் வர வேண்டாம்."

"தேவநேசன், நீங்க என்ன சொல்றீங்க?" ஆயரின் குரல்.

"நோட்டைத் தொலைச்சேனுங்க ஐயா. வேற ஒண்ணும் பண்ணல. அதுக்கு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரிங்க."

இருபத்து நாலு வருஷமாக அந்தக் கொயரைக் கட்டி மேய்த்த மனுஷன் அவர். மகனுக்குக் காய்ச்சல் என்றாலும் சனிக்கிழமை பயிற்சிக்குப் போனவர். பஸ்ஸில் டிக்கெட்டைத் தொலைத்தவன் கண்டக்டரிடம் சொல்வதுபோல, சரிங்க என்கிறார். ஜூடித்துக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிடப் பத்து மடங்கு தன்மேல் வந்தது. எழுந்து கதவைத் தள்ளினாள்.

"அவரு தொலைக்கலைங்க. நான் எரிச்சேன்."

பத்துப் பன்னிரண்டு முகங்கள் திரும்பின. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். "டிராயர்ல இருந்துச்சு. நாந்தான் எடுத்து பாய்லர் அடுப்புல போட்டேன். கல்யாணமான புதுசு, இவங்க ரெண்டு பேரையும் சந்தேகப்பட்டேன். இவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமா இவருகிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பாவத்தோடதான் திருவிருந்து எடுத்தேன். யாரையாச்சும் விலக்கோணும்னா என்னைய விலக்குங்க."

கமிட்டியில் இருந்த ஈவ்லின்தான் முதலில் எழுந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நேரே வந்து ஜூடித்தைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா? பாத்தீங்களா எல்லாரும்? இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்டாட்டி கிடைப்பாளா? புருஷன் மானத்தைக் காப்பாத்தறதுக்குத் தன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறா!"

"இல்லீங்க அக்கா, நிஜமாத்தான்..."

"எங்களுக்குப் புரியுது சிஸ்டர்," என்றார் மோசஸ், என்றும் இல்லாத கனிவோடு. "உங்க மனசு புரியுது. ஆனா பாருங்க, நீங்க பாய்லர்ங்கறீங்க. அதுல ஃபயர்பிளேஸ்ல இல்ல எரியுது? எழுதினவங்க அந்த சிஸ்டரு. அவங்களுக்குத் தெரியாதா?"

"எல்சா அங்க இல்லவே இல்லைங்க! அவ எப்படிப் பார்த்திருப்பா? ஃபயர்பிளேஸ் அவளாப் போட்டது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல எங்கீங்க ஃபயர்பிளேஸ் இருக்கு?"

"சரிங்க, சரிங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க." யாரோ ஒரு டம்ளரை நீட்டினார்கள். அவள் ஆற்றாமையில் கத்துகிறாள் என்றே நினைத்தார்கள். பாவம், மனசு உடைந்துபோயிருக்கிறாள். அவள் கூடக்கூடப் பேச, அவர்கள் கூடக்கூடத் தலையசைத்தார்கள். கண்ணால் பார்த்த கதைக்கு முன்னால் காதால் கேட்ட உண்மை எந்த மூலைக்கு?

ஆயர் தேவநேசனைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

தேவநேசன் ஜூடித்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்த நொடியே அவர் முகம் மாறிவிட்டதை அவள் கவனித்திருந்தாள். அந்த அறையில் அவளை நம்பியவர் அவர் ஒருவர்தான். நம்பிவிடுவாரே என்று அவள் பயந்ததும் அவர் ஒருவரைத்தான்.

"அவ சொல்றது நிஜமுங்க ஐயா," என்றார்.

"ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க," என்று மோசஸ் மெச்சிக்கொண்டார்.

முடிவு சீக்கிரம் வந்தது. இப்படிப்பட்ட மனைவியின் பொருட்டு சபை தேவநேசனை மன்னிக்கிறது. நடந்ததை இனி யாரும் கிளற வேண்டாம். பண்டிகைக்கு அவரே கொயரை நடத்தட்டும், பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போது ஜூடித்தும் கூட இருக்கட்டும். எல்லாருக்கும் திருப்தி. ஈவ்லின் ஜெபித்தாள். குணசாலியான ஸ்திரீயைத் தந்ததற்காக நெடுநேரம் ஸ்தோத்திரம் சொன்னாள். ஜூடித் கண்ணைத் திறந்துகொண்டே நின்றாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. செய்த தப்பை ஊர் அறியச் சொல்லி, அதற்கே பாராட்டும் வாங்கிவிட்டாள். செய்யாத தப்புக்கு அவருக்கு மன்னிப்பு!

படிக்கட்டில் இறங்கும்போது தேவநேசன் இரண்டு படி முன்னால் போனார். மழை விட்டு, வீடுகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். ரயில் பாதைக்கு மேலே உள்ள வளைவு வரை அந்த இரண்டு படி தூரம் குறையவில்லை.

வளைவில் நின்றார். திரும்பாமலே கேட்டார். "போடறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"படிச்சேனுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ரெண்டு தடவை."

"என்னப் பத்தி ஏதாச்சும் இருந்துச்சா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. ஒரே ஒரு வரி இருந்தது என்று சொன்னால் போதும், பொறாமை பிடித்த இளம் மனைவியாகத் தப்பித்துவிடலாம். அதை ஆம்பளைகள் மன்னித்துவிடுவார்கள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்வார்கள்.

"ஒரு எழுத்துகூட இல்லீங்க," என்றாள்.

"அப்புறம் எதுக்கு?"

"அதுக்கு முந்தி நான் கொயர்ல இருந்த மூணு வருஷமும் பண்டிகைக்கு நான் எழுதின பாட்டுத்தான் பாடினீங்க. நோட்டைத் திறந்தப்போ சந்தேகம்தான் இருந்துச்சு. படிச்சு முடிச்சப்போ அது இல்லீங்க. எல்லாமே நல்லா இருந்துச்சு. நான் எத்தனை ஜென்மம் எழுதினாலும் வராது. அதை நீங்க படிச்சா உங்களுக்கும் அது தெரிஞ்சுபோயிரும். அதான் போட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. பத்தொன்பது வருஷமாகத் தனக்கே சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டுவார் என்று நின்றாள். கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள்.

தேவநேசன் திரும்பினார். ஃபோனை எடுத்து, எல்சாவின் எண்ணைத் திறந்து, அவள் கையில் வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இத்தனை வருஷமா குன்னூர் பஸ்ல ஏறும்போதெல்லாம், உக்கார்றதுக்கு முன்னாடி சீட்டுக்கு அடியில குனிஞ்சு பார்க்கறேன், ஜூடித்," என்றார். "நீ பக்கத்துல நின்னுட்டு, என்னங்க தேடறீங்கன்னு கேட்டிருக்க."

அவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றுமில்லை என்று சொல்லி ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அவர் பாதையைத் தாண்டி, அவளுக்காக நிற்காமல், குவார்ட்டர்ஸ் பக்கம் இறங்கிப் போனார். ஜூடித் அங்கேயே நின்று எல்சாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கும்வரை அழுத்துவது என்று நின்றாள்.